அழுத்தம் பார்க்காத குழாய்

அழுத்தமானியின் முள் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் குந்தியிருந்த அக்காவின் புருஷன், அத்தானும் பார்த்தார். இரண்டாயிரங்களின் நடுவில், ஓர் ஒக்டோபர் மத்தியானம், ஹவுகெட்டோவில் ஒரு வயதான நோர்வேஜியத் தம்பதியின் வீட்டு வளவு. நிலத்தின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்குக் குழாய் பதிப்பதுதான் எங்கள் வேலை. பாறையில் நூற்றைம்பது மீற்றருக்குத் துளை போட்டு, திரவம் போய்வரும் இரட்டைக் குழாயை அதற்குள் இறக்கியிருந்தோம். துளையிலிருந்து வீட்டுச் சுவர்வரை வெட்டிய பள்ளத்தில் மீதிக் குழாயைக் கிடத்தி, பொருத்துகளை அத்தான் தூறலுக்குள்ளேயே சூடாக்கி ஒட்டினார். ஒட்டும் இடம் துளியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மண் போட்டு மூடுமுன் குழாயில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, முள் ஓரிடத்தில் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும். எங்கள் முள் நிற்கவில்லை.

"புதுக் குழாய் எண்டா கொஞ்சம் விரியும், முள் இறங்கத்தான் செய்யும்," என்றார் அத்தான். அது உண்மைதான். அதனால்தான் திரும்ப ஏற்றிவிட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் பார்ப்பது வழக்கம்.

"இன்னொருக்கா ஏத்திப் பாப்பம் அத்தான்," என்றேன்.

"மண்வெட்டி மெஷின்காரன் வெளிக்கிடப்போறான். மூடச் சொல்லு. எனக்குக் கையெல்லாம் சேறு, அழுத்தம் சரியெண்டு படிவத்திலை நீயே கையெழுத்தை வை."

வைத்தேன். இந்த நாட்டுக்காரன் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனோடேயே கோப்பி குடிக்கப் போவான். எங்களுக்கு அக்காவின் புருஷன் சொன்னதை இரண்டாம் தரம் மறுத்தால் அது மரியாதைக் கேடு. யாருக்காக அந்த மரியாதையைக் காப்பாற்றினேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன்.

தை மாதக் குளிரில் அந்த வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நின்றுபோனது. நாங்கள் போனபோது கிழவரும் கிழவியும் வீட்டுக்குள்ளேயே தடித்த ஜக்கெட் போட்டபடி இருந்தார்கள். கிழவி எங்களுக்குத் தேநீர் தந்தாள். உறைந்த மண்ணை உடைத்துக் கிளறியதும் குப்பென்று சாராய வாடை வந்தது. உறையாமலிருக்கக் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த ஸ்பிரிட் முழுக்க தூறலில் ஒட்டிய ஒரு பொருத்து வழியாக மண்ணுக்குள் போயிருந்தது. அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வரச் சொல்லி முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். அன்று பின்னேரமே அக்கா ரெலிபோன் எடுத்தாள். "அங்கை அத்தானைப் பற்றி ஒண்டும் கதைச்சுப்போடாதை. அவர் இல்லாட்டி நீ இஞ்சை வந்திருப்பியே?" அவர் ஊரிலிருந்து என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தது உண்மை. அதை அக்கா எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையே இருக்கவில்லை.

முதலாளி படிவத்தை மேசையில் வைத்து, "இதை நீ தனியாகத்தான் முடிவெடுத்தாயா?" என்று நிதானமாகக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் தந்தார். அத்தான் தன் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். கடைசியில் நான்தான் "ஓம்" என்று தலையாட்டினேன். அந்த வசந்தத்தில் நான் எழுதவிருந்த தொழிற் சான்றிதழ்ப் பரீட்சைக்கு நிறுவனம் என்னைச் சிபாரிசு செய்யவில்லை. பிறகு வேலையும் போயிற்று. பதினைந்து வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தின் தரையைத் துடைக்கிறேன். தரை துடைப்பது கேவலமில்லை. ஆனால் நான் ஆசைப்பட்டுக் கற்ற தொழில் அதுவல்ல.

போன வருடம் வெஸ்ட்லியில் அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள். துரொண்ட்ஹெய்மில் பொறியியல் படிக்கும் என் மகள், தாங்கள் இப்போது நிலவெப்பக் குழாய்களைப் பற்றித்தான் படிப்பதாகச் சொன்னாள். அத்தான் உற்சாகமாகிவிட்டார். எல்லோருக்கும் கேட்க ஹவுகெட்டோக் கதையைச் சொன்னார். "முள் இறங்குது, பொறு எண்டு நான் சொல்லச் சொல்ல, உன்ர அப்பா அவசரப்பட்டுக் கையெழுத்தை வைச்சிட்டார்." அவர் பொய் சொல்பவர்போலத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவரே அதை நம்பிவிட்டார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "உண்மையாவோ அப்பா?"

பலகாரத் தட்டோடு நின்ற அக்கா என்னையே பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

"சரி விடு, ஆருக்கும் பிழை வரும்தானே," என்று அத்தான் என் தோளில் தட்டினார். மகள் தன் கதிரையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அப்ப மாமா, முள் எவ்வளவு இறங்கினால் பிழை எண்டு நினைக்கோணும்?"