நான் குறைத்த நாலு அங்குலம்

எங்கள் படகுத் துறையில் அரசியல் பேசினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். எந்தப் படகு அசிங்கம் என்று பேச ஆரம்பித்தால் கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடக்கும். கெலுகோர் கரையோரம், தீவையும் மறுகரையையும் இணைக்கும் பாலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, பாய்மரப் படகு வைத்திருக்கிற ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுவோம். புதிதாக ஒரு படகு வந்து துறையின் ஜெட்டி மேடையில் கட்டினால் போதும், பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி வரிசையாக நின்று மூக்கு சரியில்லை, இடுப்பு சரியில்லை என்று குறை சொல்வோம். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை நீதிபதி நான்தான். என்னை யாரும் நியமிக்கவில்லை. எனக்குக் கண் இருந்தது, அதைவிடப் பெரிதாக வாய் இருந்தது.

அந்த வாய்க்குக் கொஞ்சம் தகுதியும் உண்டு. மறுகரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாக ஃபைபர் தொட்டி வார்க்கிறேன். ஒரு வளைவு எந்த இடத்தில் கோணுகிறது என்பது தடவிப் பார்த்தாலே தெரியும். என் படகு இருபத்தெட்டு அடி நீளம். பழசுதான், ஆனால் கேபின் தாழ்வாகப் படுத்து, முன்பக்கம் மெல்லியதாக நீண்டு, அவ்வளவு லட்சணம். ஒவ்வொரு முறையும் கயிற்றைக் கட்டிவிட்டு இருபது அடி நடந்து, நின்று, திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அப்படித் திரும்பிப் பார்க்க வைக்காத படகு படகே இல்லை, வெறும் மிதவை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு நேர் எதிரே அப்படியொரு மிதவை கிடந்தது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுடையது. பலகையில் செய்த, சதுரமான, உயரமான, வெள்ளை அடித்த படகு. நான்தான் அதற்கு ஐஸ் பெட்டி என்று பெயர் வைத்தேன். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் அண்ணே என்பாள். ஆனாலும் அவள் காதில் விழும்படியே அந்தப் பெயரைச் சொல்வேன். அவள் சிரித்துவிட்டுத் தனியாகவே பாய் விரித்துக்கொண்டு போய்விடுவாள்.

என் மனைவி அப்போதெல்லாம் என்னோடு கடலுக்கு வருவாள். கேபினில் குனிந்து குனிந்து தேநீர் போடுவாள். அவளுக்கென்று ஒரு நீல எனாமல் குவளை அங்கே ஆணியில் தொங்கும். பிறகு அவளுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. எலும்போடு கம்பி வைத்து முடுக்கினார்கள். நடக்கலாம், நிற்கலாம், படி ஏறலாம், குனியத்தான் கூடாது என்றார் டாக்டர். என் அழகான படகின் கேபினுக்குள் உயரம் நாலடி எட்டு அங்குலம். அவள் ஐந்தடி இரண்டு.

உடல் தேறியதும் ஒருநாள் அவள் ஜெட்டிக்கு வந்தாள். வெளியே நின்றபடி தன் சாமான்களை எடுத்துத் தரச் சொன்னாள். தொப்பி, துண்டு, ஒரு ஜோடிச் செருப்பு, அந்த நீலக் குவளை. எல்லாவற்றையும் சந்தைக்குக் கொண்டுபோகிற ஒரு பாசார் பையில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் அந்தக் குவளை தொங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. இருபது வருடம் சேர்ந்து போன கடலுக்கு இனி நான் மட்டும்தானா என்ற பயம்.

நான் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. கேபின் கூரையை அறுத்து எட்டு அங்குலம் உயர்த்துவது என்று முடிவு செய்தேன். எட்டு உயர்த்தினால் உள்ளே ஐந்தடி நாலு வரும், அவள் தாராளமாக நிற்கலாம். முதலில் மெல்லிய பலகையில் அந்த அளவுக்கு ஒரு மாதிரிக் கூரை செய்து, படகின் மேல் வைத்துவிட்டு, ஜெட்டியில் இறங்கி இருபது அடி நடந்து திரும்பிப் பார்த்தேன். படகின் லட்சணமே போயிருந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் டெலிபோன் பூத் என்றார். இன்னொருவர், பஸ்ஸின் மேல்பாதியைக் கழற்றி வைத்ததாகச் சொன்னார். இத்தனை வருடம் நான் மற்றவர்களுக்குக் கொடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

அன்றைக்கே அந்த மாதிரிக் கூரையில் நாலு அங்குலத்தைக் குறைத்தேன். இப்போது பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே ஐந்தடிதான் வரும் என்று எனக்குத் தெரியும். தலையை லேசாகச் சாய்த்தால் போதுமே, இடுப்பை வளைக்க வேண்டாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு வார இறுதிகள் வேலை செய்தேன். வழவழவென்று தேய்த்துச் சாயம் பூசி முடித்தபோது எல்லாரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். அந்த நாலு அங்குலத்தைப் பற்றி மனைவியிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

அவள் வந்தாள். நான் புதிதாக வைத்த கைப்பிடிகளைப் பிடித்துப் படியிறங்கி உள்ளே போனாள். தலை கூரையில் இடித்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நின்றாள். கழுத்து சாய்ந்ததும் தோள் சாய்ந்தது, தோளோடு முதுகும் வளையப் பார்த்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மெல்ல மேலே வந்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, முதுகில் கையை வைத்தபடி ஜெட்டி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவளைக் காரில் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். டெலிபோன் பூத் என்றவரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். ஐஸ் பெட்டிக்காரி தன் படகில் கயிறு சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் சொன்னாள்.

"அண்ணே, நீங்க ஜெட்டியில நின்னு பாத்துப் பாத்து போட்டைச் செஞ்சீங்க. அண்ணி ஜெட்டியிலயா இருக்கப் போறாங்க?"

அவள் தன் படகைக் காட்டி, வந்து பாருங்கள் என்றாள். அப்போதுதான் உறைத்தது, வருடக் கணக்காகக் கேலி செய்த அந்தப் படகுக்குள் நான் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. உள்ளே போனேன். ஐந்தடி ஒன்பது அங்குல ஆள், நிமிர்ந்து நின்றேன். அடுப்புக்கு முன்னால் முகத்துக்கு நேராக நீளமான ஜன்னல். பாலம் தெரிந்தது, அந்தக் கரை மலை தெரிந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் என் படகு தெரிந்தது.

"உங்க போட்டு அழகுதாண்ணே. தெனம் நான் அதைத்தான் பாக்குறேன். நீங்கதான் பாவம், எம் பெட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள்.

சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பெயரை நான் வைத்திருக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அதற்கு அவள், பெயரை மாற்ற வேண்டாம், பழகிவிட்டது, ஆனால் ஆரம்பத்தில் ரெண்டு வருடம் கோபம் இருந்தது என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை என் புதுக் கூரையை நானே அறுத்தேன். இந்தத் தடவை மாதிரிக் கூரையும் வைக்கவில்லை, ஜெட்டியில் இறங்கித் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டில் மனைவியைச் சுவரோடு நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கண் உயரத்தில் இன்னொரு கோடும் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். நாலு அங்குலத்தை யாருக்காகக் குறைத்தேன் என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். அவள் அந்த இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, ஜன்னல் பெரிதாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாலு அங்குலத்துக்கு மேல் இன்னும் ஆறு உயர்த்தினேன். கூரை உயர்ந்ததால் பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு அதில் இடித்தது. கம்பை மேலே ஏற்றி, பாயின் அடியையும் வெட்டித் தைக்க வேண்டியதாயிற்று. பாய் சின்னதானால் வேகம் குறையும். குறைந்தது. முடித்த பிறகு என் படகு எப்படி இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், டெலிபோன் பூத் என்றவர் பெரிய மனது பண்ணிச் சொல்லியிருக்கிறார்.

இதனால் அழகு முக்கியமில்லை என்று நான் கட்சி மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் கோணலான படகைப் பார்த்தால் கோணல் என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் உள்ளே போய் நின்று பார்க்கிறேன். என் கட்சிக்கு இப்போது அது ஒரு விதி.

ஒரு ஞாயிறு காலை நாங்கள் இருவரும் கிளம்பினோம். மனைவி பாசார் பையோடு வந்தாள். தெற்கே இருக்கிற இரண்டாவது பாலத்தின் கீழ் போகும்போது, நண்பர் ஒருவர் தன் ஒல்லிப் படகில் எங்களைச் சுலபமாகத் தாண்டினார். தாண்டும்போது, இந்த பஸ் எங்கே போகிறது என்று கத்திக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி ஜன்னல் வழியாகப் பதில் சொன்னாள்.

"நிக்க எடம் இருக்குலா. ஏறிக்கிறீங்களா?"

அதை இன்றும் நினைத்துச் சிரிக்கிறேன். ரீமாவ் தீவருகே நங்கூரம் போட்டோம். சற்று நேரத்தில் மழை பிடித்தது. அவள் அடுப்புக்கு முன்னால் நேராக நின்று தேநீர் போட்டாள். கம்பி வைத்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. "மழை வர்றது இங்கேர்ந்தே தெரியுதுங்க" என்றாள். அவ்வளவு வருடம் அதே கேபினில் தேநீர் போட்டவளுக்கு அதுவரை அடுப்பும் தன் கையும்தான் தெரிந்திருக்கின்றன.

திரும்பி வந்து கட்டியதும் பையை நான் வாங்கிக்கொண்டேன். ஜெட்டியில் இருபது அடி நடந்ததும் இந்தத் தடவை அவள் நின்றாள், திரும்பினாள், மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள்.

"அசிங்கமாத்தாங்க இருக்கு" என்றாள்.

ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து கழுவ வேண்டியதை எடுக்கப் பையைத் திறந்தேன். ஈரத் துண்டு இருந்தது, என் கண்ணாடித் தம்ளர் இருந்தது. நீலக் குவளை இல்லை. அதைப் படகிலேயே, பழைய ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.