அம்மா ஏறிய படகு

மூக்கைக் கிழிக்கும் அந்த மணம் அப்பாவின் தலைமயிரில் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிற்கும். பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் "குசினி"யில் ஆறு நாளும் எண்ணெயில் வெந்துவிட்டு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகரான பொண்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய மோட்டார் படகுக்கு "றெசின்" பூசுவார். வெடித்த அடிப்பாகத்தில் கண்ணாடிநார்த் துணியை ஒட்டுகிற அந்தப் பசையின் மணம்தான் அது.

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் வேண்டாமென்று தந்த படகு. அப்பாவுக்கு மீன் பிடிக்கவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து கடலேரி கடந்தபோது தன் தம்பியைத் தண்ணீருக்குக் கொடுத்த அம்மா, கால்வாய் ஓரத்தால் நடக்கக்கூட மாட்டாள். அவளை ஒருநாளாவது தண்ணீரின்மேல் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காக இரண்டு வருடம் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார், ஸ்பார்க் பிளக்கைப் பல் பிரஷால் தேய்த்தார், கிழிந்த இருக்கைக்கு அம்மாவுக்குப் பிடித்த பச்சையில் உறை தைத்துப் போட்டார்.

"மச்சான், இது படகோ, மழைத்தண்ணித் தொட்டியோ?" என்று அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, வரும்போதெல்லாம் நக்கலடிப்பார்.

"தொட்டியெண்டால் நீங்கள்தான் முதல் குளிக்கோணும்" என்பார் அப்பா.

எனக்குப் பத்து வயதான வருடம், அம்மா கடைசியில் ஏறுவதற்கு "ஓம்" என்றாள். கால்வாயில் இறக்குவதற்கு முதல்நாள் இரவு, வேலையால் வந்து பார்த்தபோது அடியில் இன்னொரு வெடிப்பைக் கண்டு அப்பா பசை பூசினார். நல்ல குளிர். அடுத்த நாள் மத்தியானமும் அது விரலில் ஒட்டியது. "காயேல்லை, அடுத்த கிழமை இறக்குவம்" என்றார்.

மாமா ஊர்க் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முதல் இறக்கும். அடுத்த ஞாயிறு அட்டமி. இவள் மனம் மாறினால் நீர் பொறுப்போ?"

அந்தக் காலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு அச்சடித்தது. பொண்டியில் எங்கே அந்தச் சூரியன்? ஆனாலும் அப்பா தலையாட்டினார். மாமாவின் மேல் உள்ள கோபத்தைவிட அந்தத் தலையாட்டலின் மேல்தான் எனக்கு இன்றைக்கும் அதிகக் கோபம்.

படகை ஏற்றிய வண்டிச் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு மணிக்கு இறக்கினோம். அம்மா பச்சை இருக்கையில் என்னை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். பத்தடி போனதும் மெல்லச் சிரித்தாள். உடனே அவளுடைய பாதம் நனைந்தது.

அப்பா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். "ஒண்டுமில்லையப்பா, இந்தா கரை" என்றார். அம்மா கத்தவில்லை. செத்துப்போன தம்பியின் பெயரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கரைக்கு வந்துவிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நல்ல நேரத்திலை இறக்கினபடியால்தான் தப்பினது" என்றார் மாமா, வெட்கமில்லாமல்.

அப்பா பிறகு அந்தப் படகைத் தொடவில்லை. மழையில் கிடந்து பழுதானதை நகரசபை லொறி ஏற்றிப் போனது.

இப்போது அந்த வீடும் முற்றமும் இல்லை, அடுக்குமாடி எழும்பிவிட்டது. அப்பா போய் மூன்று வருடம். கோடையில் அதே கால்வாயில் வாடகைப் படகுகளில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போகிறார்கள். போன மாதம் அம்மா தானாகவே அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். தண்ணீர் ஓரம்வரை நடந்து போனாள்.

"கரை கிட்டத்தானே, பிள்ளை. நான் பேசாமல் சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த மனுசன் என்ரை முகத்தைப் பாத்துப் பாத்தெல்லோ தண்ணி அள்ளினது."

"இதை அப்பாட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"அவர் கேக்கேல்லை" என்றாள். "நான் சொல்லேல்லை."