ஞாயிற்றுக்கிழமைத் தாடை

பல் பிடுங்குகிறவருக்கு வேலை கால் மணியில் முடிந்துவிடும்; கம்பி கட்டுகிற எங்களுக்கோ, நாற்காலியில் உட்காரும் பிள்ளையின் சட்டை அளவு இரண்டு தரம் மாறினால்தான் முடியும். வாயில் கிளிப்போடு முறுக்குத் தட்டை ஏக்கமாகப் பார்த்தவர்களும், அந்தப் பிள்ளைகளை மாதாமாதம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த பெற்றோரும் என் கட்சி. நாற்காலியில் நீங்கள் பட்டதைப் பக்கத்து ஸ்டூலில் நானும் பட்டிருக்கிறேன்.

என் பல்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு சிப்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவன் தன் பல்லை இப்படி விட்டுவைத்திருக்கலாமா என்று கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்வேன். நேரமில்லை என்று பதில் வரும். அது பொய் என்றும் கூடவே தெரியும். வலிக்கு எனக்குப் பயம்.

ஒருநாள் மாங்காட்டிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிவந்தார். நான் மாஸ்க்கைக் கழற்றி டீ குடித்தபடியே சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கீழ்வரிசையைப் பார்த்தார், மகனின் பல்லைப் பார்த்தார், மறுபடி என்னுடையதைப் பார்த்தார். "வீட்ல கலந்து பேசிட்டு வரோம் டாக்டர்" என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை. சாயங்காலம்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் உதவியாளர் கலா, பக்கத்தில் பாடி என்கிற ஊர்க்காரர். கிளினிக் திறந்த நாளிலிருந்து கூட இருக்கிறார். கருவிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னாத்துக்கு டாக்டர் கவலப்படுறீங்க? மாஸ்க்கு போட்டுகினுதானே கீறீங்க, டீயை மட்டும் உள்ள போய் குடிங்க."

முரளி கேட்ட கேள்வி

முரளி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மேல் முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன. கீழ்த்தாடை சிறியது, பின்னால் தள்ளி இருந்தது. வாயை மூடினால் கீழ் உதடு மேல்பல்லுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். "மோவாயைக் கொஞ்சம் முன்னாடி இழுத்து உடுங்க டாக்டர்" என்றார், ஆட்டோவின் கண்ணாடியைத் திருப்பச் சொல்வதுபோல.

எலும்பு வளர்ந்து முடிந்தபின் தாடையை இழுக்கக் கம்பியால் முடியாது. அவருக்கு இரண்டே வழி. மேலே பக்கத்துக்கு ஒரு பல்லை எடுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைக் கம்பி கட்டிப் பின்னால் கொண்டுவரலாம். கடி சேரும், மோவாய் அப்படியேதான் இருக்கும். அல்லது பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத் தாடையை வெட்டி முன்னே நகர்த்திப் பொருத்தலாம். வளரும் வயதில் வந்திருந்தால் கழற்றி மாட்டுகிற ஒரு பிளேட்டையே முயன்று பார்த்திருக்கலாம் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. கைவிட்டுப் போனதைச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம்? முரளி முதல் வழியை எடுத்துக்கொண்டார். போகும்போது கேட்டார்:

"அப்போ என்னைய மாரி மூஞ்சியோட சின்னப் பசங்க யாராவது வந்தா, சும்மா வுட மாட்டீங்கல்ல?"

தாடி

அந்த மாதமே வந்தாள் பிரின்ஸி. எட்டாம் வகுப்பு. அவள் அப்பா ஆரோக்கியசாமி திண்டுக்கல் பக்கத்துக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, ஆவடியில் குவார்ட்டர்ஸ். த்ரோபால் ஆடும்போது பந்து பட்டுப் பிரின்ஸியின் முன்பல் நுனி உடைந்திருந்தது. பல் உடைந்ததில் பந்தின் பங்கு பாதிதான். உதட்டுக்கு வெளியே நீண்டிருந்த பல் அது. எது வந்தாலும் முதலில் அதில்தான் படும்.

உடைந்ததைச் சரிசெய்துவிட்டு அப்பாவிடம் வழிகளைச் சொன்னேன். இப்போது மேலும் கீழுமாக இரண்டு பிளேட். வாயை மூடினால் அவற்றின் சரிவு கீழ்த்தாடையை முன்னே வழுக்கிக் கொண்டுபோகும். இரவும் பகலும் போட்டிருந்தால், வளர்கிற வயதில் தாடை அங்கேயே பழகி நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதன்பிறகு பல்லை வரிசைப்படுத்தக் கிளிப். பிளேட் வேண்டாம் என்றால் பிறகு பல் எடுத்துக் கம்பி. அதுவும் போதாதென்றால் வளர்ந்து முடிந்தபின் ஆபரேஷன். முதல் வழிக்கு மட்டும்தான் காலக்கெடு. பெண் பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள், அவள் சீருடைப் பாவாடை ஏற்கெனவே ஒருமுறை மடிப்புப் பிரிக்கப்பட்டிருந்தது.

ஆரோக்கியசாமி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல அடர்த்தியான தாடி. அதற்குள் என்ன இருக்கிறது என்று என் தொழில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது: மகளுக்கு இருந்த அதே மோவாய். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"எனக்குத் தாடி இருக்கு டாக்டர், புள்ள என்ன செய்யும்?"

சீக்கிரம் வந்த நல்ல சேதி

பிளேட் மாட்டிய அன்று பிரின்ஸியால் தன் பெயரையே சொல்ல முடியவில்லை. "ப்ரின்ஷி" என்று வந்தது. கலா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு, தோற்றார். நாலு நாளில் நாக்கு பழகிவிடும் என்று வழக்கமான ஆறுதலைச் சொல்லி அனுப்பினேன். வாயில் அந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு ஒருநாளாவது நான் பேசிப் பார்த்திருக்கிறேனா என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் நல்ல சேதிதான். பிளேட்டைக் கழற்றச் சொல்லி, "கடிச்சுக் காட்டு" என்பேன். கடிப்பாள். மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் இடையே கட்டைவிரல் நுழைகிற இடைவெளி இருந்தது போய், பற்கள் அழகாகச் சேர்ந்தன. "சபாஷ்!" என்பேன். அவள் முகம் மலரும், நான் போட்டோ எடுப்பேன். இவ்வளவு வேகமாகத் தாடை வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. என் கைராசி என்றே நினைத்தேன். சந்தோஷம் தாங்காமல் கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இட்லி மாவு பொங்கவே ஒரு ராத்திரி ஆவுது டாக்டர், எலும்பு அதுக்குள்ள வளந்துக்கிச்சா?"

ஸ்டூல்

அதற்கடுத்த முறை அவள் வந்தபோது பெருக்குவதற்காகக் கலா என் சக்கர ஸ்டூலைச் சற்றே நகர்த்தியிருந்தார். கண் பிரின்ஸியின் வாயிலேயே இருந்ததால், இல்லாத ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்க்கிறேன், பிரின்ஸி அடக்க முடியாமல் சிரிக்கிறாள். சிரித்த வேகத்தில் அவள் கீழ்த்தாடை பழைய இடத்துக்கே போய்விட்டது. கட்டைவிரல் நுழையும் இடைவெளி அப்படியே இருந்தது. இடுப்பைவிட அதுதான் எனக்கு வலித்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஞாயிற்றுக்கிழமைக் கடி. ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகும்போது நல்ல சட்டை போடுவதுபோல, டாக்டர் கேட்டதும் பிள்ளை தாடையை முன்னால் தள்ளிக் கடித்துக் காட்டும். வீட்டுக்குப் போனதும் தாடையும் வீடு திரும்பிவிடும். படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் "கடிச்சுக் காட்டு" என்று கேட்டு, காட்டியதை நம்பி, சபாஷும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரின்ஸி சிரிப்பை நிறுத்திவிட்டு அழத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்கிறவள் அவள். பிளேட்டோடு படித்தால் இறைவாக்கினரின் பெயரே குழறிப்போகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கழற்றினாள். பிறகு பயிற்சிக்காகச் சனிக்கிழமையும். பிறகு பள்ளியிலும். வாசல் ஓரம் நின்றிருந்த ஆரோக்கியசாமி, "இன்னும் டைம் இருக்கா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, ஆனால் வீணாக்க இல்லை என்றேன். "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் கடிச்சுக் காட்டினதும் நீங்க அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க டாக்டர், அதான்."

வராந்தாவில் வாசகம்

கழற்ற முடியாத வகையும் ஒன்று இருக்கிறது. பல்லோடு ஒட்டிவிடுகிற ஸ்பிரிங். பிள்ளையின் சம்மதத்தை அது எதிர்பார்க்காது. ஆரோக்கியசாமி அதையே போடச் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஆசை அவளுக்காகவா, ஏமாந்த என் ரோஷத்துக்காகவா என்று இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது அவளையே கேட்டுவிடலாம் என்று வரச்சொன்னேன். "இந்தப் பிளேட்டையே போட்டுக்கறேன் டாக்டர், ஆனா நாக்குக்குக் கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள். நியாயமான கோரிக்கை. மேல் பிளேட்டில் நாக்கு இடிக்கும் இடத்தைத் தேய்த்து மெலிதாக்கினேன். பிறகு அடுத்த ஞாயிற்றின் வாசகத்தைப் பிளேட்டோடு உரக்கப் படிக்கச் சொல்லி வராந்தாவில் உட்காரவைத்தோம்.

கம்பி முறுக்க வந்திருந்த முரளியும் அங்கே காத்திருந்தார். ச வருகிற இடத்திலெல்லாம் பிரின்ஸி தடுக்கி நின்றாள். முதலில் இருந்து தொடங்குவாள், மறுபடி அதே இடத்தில் நிற்பாள். "யாருக்கும் புரியாது" என்று தாளைக் கீழே வைத்துவிட்டாள். முரளி தன் வாய்க் கம்பி தெரியச் சிரித்தார்.

"நான் 'பூந்தமல்லி பூந்தமல்லி'ன்னு கூவறது எனக்கே புரியாது பாப்பா, ஆனா ஜனம் கரெக்டா ஏறிக்கினுதான் கீது, நீ நிக்காம போய்க்கினே இரு!"

மிச்சம்

அவள் நிற்காமல் படித்தாள். அந்த ஞாயிறு பின்வரிசை சிரித்ததாம்; அடுத்தடுத்த வாரங்களில் அவர்களுக்கே சலித்துவிட்டதாம். நானும் ஒரு பாடம் படித்தேன். "கடிச்சுக் காட்டு" என்பதை விட்டுவிட்டேன். நாக்கை மேல்நோக்கி மடித்து எச்சில் விழுங்கச் சொல்வேன் (அப்போது தாடை தன் சொந்த இடத்துக்குத் திரும்பிவிடும்), பேச்சுக் கொடுப்பேன், எதிர்பாராத நேரத்தில் பார்ப்பேன். அப்படிப் பார்த்தபோது முன்னேற்றம் மெதுவாகத்தான் இருந்தது. சில மாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கலாவின் இட்லி மாவை நினைத்துக்கொண்டு பொறுத்தேன்.

சென்ற மாதம் பிளேட்டை நிறுத்தி, கிளிப் போடுவதற்குமுன் கடைசிச் சோதனை. நான் ஸ்டூல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். "நீங்க விழ வேணாம் டாக்டர், நானே சிரிக்கிறேன்" என்றாள். கலாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாடை நகரவில்லை. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இதில் எலும்பு வளர்ந்தது எவ்வளவு, பல் சாய்ந்து கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உதடு மேல்பல்லுக்கு அடியில் மாட்டாமல் தானாக மூடிக்கொள்கிறது. இனி பந்து வந்தால் முதலில் மூக்கில் படும்.

முதல் நாள் போட்டோவையும் அன்றைக்கு எடுத்த போட்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஆரோக்கியசாமி சந்தோஷமாகத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கை தாடிக்குப் போயிற்று. "அப்படியே அவங்க அம்மா ஜாடை வந்திருச்சு டாக்டர்" என்றார். குரலில் ஏதோ குறைந்தது. ஒரு குடும்பத்தின் முகத்தில் கை வைக்க நான் யார் என்ற கேள்வி அங்கே எனக்கும் வந்தது. அவர் மகளிடம் திரும்பி, "எங்கிட்டருந்து உனக்கு மிச்சம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். பிரின்ஸி யோசிக்கவே இல்லை.

"குறட்டை இருக்கேப்பா, அம்மா தினமும் சொல்லுதே!"

தாடையை முன்னால் கொண்டுவர எனக்கு நாலைந்து வழி தெரியும். அது உண்மையிலேயே வந்துவிட்டதா என்று அறிய இத்தனை வருடப் படிப்பில் தேறியது, பிள்ளையைச் சிரிக்கவைத்துவிட்டுத் தரையிலிருந்து பார்ப்பது ஒன்றுதான்.