நான்கு ஆணிகள்

எங்கள் ஏரிக்கரை மர அறுவை மில்லுக்கு வரும் ஒவ்வொரு பைன் மரத்தின் தலையெழுத்தும் தாவெத்தியின் சுண்ணக்கட்டியில் இருந்தது. ஒரு கோடு போட்டால் பலகை. இரண்டு போட்டால் காகிதக் கூழ். பெருக்கல் குறி போட்டால் மில் கொதிகலனுக்கு விறகு. கணு, கோணல், பூஞ்சை பிடித்து நீலம் பாரித்த வெட்டுமுகம், எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து "ரெண்டு கோடு" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள். முப்பது வருஷம் அவன் பக்கத்தில் நின்று அளவு நாடா பிடித்தவன் நான்.

ஓர் அக்டோபர் புயலில் ஹில்மா அம்மா வீட்டுப் பெயர்மரம் விழுந்தது. எங்கள் பக்கத்தில் பிணம் கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு பைனில் இறந்தவர் பெயரைச் செதுக்குவோம். அதைத் தாண்டி ஆவி வீடு திரும்பாது. இந்த மரம் அவள் மகன் அர்மாஸுக்கு. ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலையில், இருபது வயதில் மூழ்கியவன்.

டிராக்டரில் மரத்தோடு அவளும் வந்து இறங்கினாள்.

"இதைப் பலகையா அறுத்துக் குடுப்பா, தாவெத்தி. என் சவப்பெட்டிக்கு. எம் புள்ள மரத்துக்குள்ளயே படுத்துக்கறேன்."

தாவெத்தி மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெருக்கல் குறி போட்டான்.

"உள்ள இரும்பு இருக்கும்மா. ரம்பம் தெறிச்சா ஆளு காலி."

"பேரு எழுதின அந்தத் தகரம் எப்பவோ காத்துல போயிடுச்சேப்பா."

"தகரம் போச்சு. ஆணி போகல. நாந்தானே அடிச்சேன். நாலு."

உண்மைதான். அன்று செதுக்க யாருக்கும் கை ஓடவில்லை. அர்மாஸோடு ஆற்றில் வேலை பார்த்த தாவெத்திதான் தகரத்தில் பெயர் எழுதி அறைந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய்யா, ஆணி இருக்கிற துண்டை வெட்டித் தள்ளிட்டு மிச்சத்தை அறுக்கலாமே?"

"போட்ட குறியை யாருக்காவது அழிச்சிருக்கேனா?"

"அப்ப விறகாவாவது குடுத்துடு. வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றாள் ஹில்மா அம்மா.

"குறி விழுந்தா மில்லு சொத்தும்மா."

அவள் அந்த மரத்தின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டிராக்டரில் ஏறிப் போனாள்.

மறுநாள் காலை தாவெத்தி கொதிகலன் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினான். கருகிய ஆணிகள். அழுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன்.

"எண்ணிக்கோ" என்றான். "நாலு இருக்கா? என் கண்ணுக்குத் தப்புமா?"