பெருவிரல் கட்டு

நான் விரும்பிப் போன வேலை அல்ல அது. ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சும்மா குந்தியிருக்கிறவர்களை ஏதாவது பொதுவேலைக்கு அனுப்பலாம் என்று எங்களுக்கு உதவிப்பணம் தருகிற சோசல் அலுவலகத்துக்கு அதிகாரம் இருந்தது. எங்கள் ஹைமில், அதுதான் அகதிகள் விடுதியில், மற்றவர்களுக்குப் பூங்காவில் இலை கூட்டுகிற வேலை கிடைத்தது. எனக்கு வாய்த்தது கிழவர்களைக் கழுவுகிற வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதிமார் நிலையம் ஒன்றுக்கு என்னைக் கொடுத்தார்கள். ஊசியும் மருந்தும் தாதியின் பாடு. சேவ் எடுப்பது, உடம்பு துடைப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது என் பாடு. ஊரில் சங்கக் கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவன் நான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் எழுதினேன்.

அந்த வருடங்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தபால்காரனுக்குப் பயம். டிக்கட் கையில் இருக்கும்போதே டிக்கட் பரிசோதகருக்குப் பயம். என் கேஸ் விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் என் பேரில் ஒரு பிழை விழுந்தால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினேன். கொழும்பில் இறங்கும்போது யார் காத்து நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னோடு அறையில் இருந்த அண்ணை ஒவ்வொரு காலையும் எனக்கு ஓதுவார்.

"பொலிசோட மட்டும் ஒரு கதையும் வச்சுக்கொள்ளாதை தம்பி. பஸ்ஸிலை உன்ரை காலை ஆரும் மிதிச்சாலும் நீதான் மன்னிப்புக் கேக்கவேணும்."

"ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கும் போனேன்.

அன்றைய முதல் வீடு ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியுடையது. முப்பது வருடம் நிலக்கரி வெட்டி, நெஞ்சு நிறையத் தூளோடு வீட்டுக்கு வந்த மனிதர். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து, இருந்தபடிதான் நித்திரை கொள்வார். தனி ஆள். என்னுடைய பேர் அவருடைய வாயில் நுழையவில்லை. "ஏய் கொழும்பு" என்றுதான் கூப்பிடுவார். கொழும்பில் நான் இருந்ததே மூன்று நாள், அதுவும் பிளேன் ஏறுவதற்காக. எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். அவருடைய இருமல் கீழ் வாசல் வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. நிலையம் தந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

தலையணையில் சாய்ந்தபடி இருந்தார், தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் ஆவென்று திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். கழுத்தடியில் இன்னும் சூடு இருந்தது, மூச்சு இல்லை. வீட்டு நடையில் இருந்த டெலிபோனில் நிலையத்துக்குச் சொன்னேன். தாதி வேறு வீட்டில் நிற்கிறார், டொக்டரை அனுப்புகிறோம், நீ அங்கேயே இரு என்றார்கள்.

இருந்தேன். ஆனால் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? எங்கள் பக்கத்தில் ஒரு சீவன் போனால் அப்படி விட்டுவிட்டு நிற்கிறவன் மனிசனே இல்லை. உடம்பு விறைப்பதற்கு முதல் செய்துவிட வேண்டும். தலையணைகளை எடுத்து நிலத்தில் போட்டேன். அவரை மல்லாக்க நிமிர்த்திக் கிடத்தினேன். கண்ணை மூடினேன். நிலையத்துப் பையில் இருந்த பண்டேஜ் துணியைக் கிழித்து, வாய் மூடும்படி நாடியையும் உச்சந்தலையையும் சேர்த்து ஒரு கட்டு, கைப் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. தலைமாட்டைத் தெற்கே திருப்பவும் பார்த்தேன், கட்டில் அசையவில்லை. மனிதர் இப்போது பார்க்க நல்லாயிருந்தார். உண்மையைச் சொன்னால், வந்த நாளிலிருந்து ஜெர்மனியில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. மடையன்.

வந்த டொக்டர் இளம் ஆள். வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். பிறகு நிலத்தில் கிடந்த தலையணைகளைப் பார்த்தார். இதை யார் கட்டினது என்று கேட்டார். நான் என்றேன். என்னைச் சமையலறையில் போய் இருக்கச் சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்தார். அவர் சொன்னதில் 'பொலிஸ்' என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என் காகிதத்தை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சும்மா சில கேள்விகள்தான், பயப்படாதே என்றார். ஊரிலும் சும்மா கேள்வி கேட்கத்தான் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வகுப்பில் படித்தவன் ஒருவன் அப்படிப் போனவன்தான். பிறகு மூத்தவர் கேட்டார்:

"நீ கட்டும்போது அவருக்கு உயிர் இருந்ததா?"

அதுவரைக்கும் நான் செய்தது அவர்களுடைய கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்று எனக்கு ஓடவே இல்லை. நானே என் கேஸில் மண் அள்ளிப் போட்டுவிட்டேன். பிளேன் ஏறினதுதான், கொழும்பில் இறங்கினதுதான். அந்த நேரம் முழுவதும் நான் அந்த மனிதரை ஒருதரம்கூட நினைக்கவில்லை, என்னை மட்டும்தான் நினைத்தேன்.

தாதி வந்தார். ஐம்பது வயது, கண்டிப்பான மனுஷி. ஏன் கட்டினாய் என்று அவரும் கேட்டார். எட்டு மாத ஜெர்மன் என்னிடம் இருந்தது. கழுவு, திரும்பு, வலிக்கிறதா, கக்கூசா. இதற்குச் சொல் இல்லை. வேறு வழி தெரியாமல் சமையலறை நிலத்தில் மல்லாக்கப் படுத்தேன். வாயைத் திறந்தேன், கால்களை அகட்டிப் போட்டேன், கைகளை விழவிட்டேன். பிறகு எழும்பியிருந்து, கையால் நாடியை மூடிக் காட்டினேன், கால் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். "எங்கள் ஊர். அப்பாவுக்கும் இப்படி" என்றேன். அப்பாவுக்குக் கட்டியவனும் நான்தான். இளைய பொலிஸ்காரர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரித்தாரா என்னவென்று தெரியாது.

டொக்டர் உள்ளே போய் நெடுநேரம் பார்த்தார். கட்டின இடத்தில் தோல் கன்றவில்லை, செத்த பிறகு கட்டியதுதான், நெஞ்சுதான் நின்றிருக்கிறது என்றார். மூத்தவர் என்னுடைய பேரைக் கொப்பியில் எழுதினார். எழுதாதேங்கோ என்று வாய்வரைக்கும் வந்தது. பிறகு டொக்டர் கத்தரிக்கோலால் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். நாடிக்கட்டை வெட்டியதும் வாய் மறுபடி திறந்துகொண்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அண்ணை என்னைச் சாப்பிடவே விடவில்லை.

"வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்டிட்டு வந்து நிக்கிறாய். ஊரான்ரை சாவுக்கு உன்னை ஆரடா கட்டச் சொன்னது?"

"ஏலாமல் போச்சுது அண்ணை. வாய் திறந்தபடி கிடந்தவர்."

"கிடக்கட்டுமேன். இனிமேல் ஒருத்தரையும் தொடாதை."

கேஸ் விசாரணை வந்தது. அந்தக் காலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் பெரிய பயமாகப் போய்விட்டது. எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள், முடிவுக் கடிதத்தில் வரும் என்று காத்திருந்தேன்.

கடிதம் வருவதற்கு முதல் வசந்தகாலம் வந்தது. அப்போது நான் ஒரு கிழவியிடம் போய்க்கொண்டிருந்தேன். முந்தித் தையல் வேலை செய்தவ. தன்னுடைய காலைச் சாப்பாட்டுப் பாணில் பாதியை எனக்கென்று எடுத்துவைப்பா, நான் தின்று முடிக்கும்வரை உடம்பு துடைக்க விடமாட்டா. ஒருநாளும் என்னை வெறும் வயிற்றோடு அனுப்பாதவ. ஒருநாள் கதவைத் திறந்தபோது அவ கட்டிலில் குறுக்காகக் கிடந்தா. வாய் திறந்திருந்தது. கண்கள் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன. கையில் இன்னும் சூடு இருந்தது.

நிலையத்துக்கு டெலிபோன் எடுத்தேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முக்கால் மணித்தியாலம் நின்றேன். விறைக்கப்போகிறது, இப்போது மூடினால்தான் மூடலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றேன்.

டொக்டரும் தாதியும் ஒன்றாக வந்தார்கள். உள்ளே போன தாதி கொஞ்ச நேரத்தால் வெளியே வந்து என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை.

"கண்களையாவது மூடியிருக்கலாமே" என்றார்.