அக்கா கேட்கச் சொன்னது

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். நான் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அக்காவைத் தங்கச் சுரங்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்குச் சுரங்கத்தில் வேலை; கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் காலை ரயிலில் இரண்டு மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். பையனுக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அண்ணத்திலும் பிளவு. பால் குடிக்க முடியாது. சங்கில் ஊற்றினால் பாதி மூக்கு வழியே வந்துவிடும்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்றாள் அம்மா.

"எங்க லைன்லயே இந்த மாதிரி மூணு கொழந்தைங்க இருக்குதும்மா. எல்லாருமா கிரகணத்துல போனாங்க?" என்றாள் அக்கா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில் பேசினேன். எடை கூடியதும் உதட்டைத் தைத்துவிடலாம் என்றார். எழுந்திருக்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்குப் பின்னால சயனைடு மேடு. தங்கம் எடுத்துட்டு கொட்டுற மண்ணு. காத்தடிச்சா சோத்துலயும் தண்ணிலயும் உழுது. அதனால இப்பிடி ஆவுமான்னு கேளுடி."

டாக்டரம்மா அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துவிட்டார். அக்கா சொன்னது எனக்கு விவரம் தெரியாத பேச்சாகப் பட்டது. அதை என் ஆங்கிலத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"என்னா சொன்னாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையாம்க்கா."

அவள் முகம் தெளிந்தது. வேறு லைனுக்கு வீடு மாற்றித் தரும்படி கம்பெனியில் கேட்க மாமாவிடம் சொல்லியிருந்தாளாம். இனி வேண்டாம் என்று கடிதம் எழுதச் சொன்னாள். நானே எழுதிக் கொடுத்தேன்.

பையனுக்கு உதட்டைத் தைத்தார்கள். பேச்சு கடைசிவரை மூக்கால்தான். இரண்டு வருடம் கழித்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பிளவு. பால் புரையேறி மூன்றாம் வாரமே இறந்துபோனது.

மண்தான் காரணமா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டிருந்தால் டாக்டரம்மாவும் தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால்கூட அக்கா வீடு மாறியிருப்பாள்.

துக்கத்துக்குப் போனபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அன்னிக்கு டாக்டரம்மா நெசமாவே ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.