விடாமல் போன பெருமூச்சு

ஊரில் இன்னும் யாரும் பார்க்காத ஒரு காரை அவள் ஆறு வாரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியும் துணியும் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது. கணினித் திரையில், மவுஸைப் பிடித்துக்கொண்டு, படத்துக்குள் இருக்கும் காரைத் துடைக்க வேண்டும். கதவில் ஒட்டிய தூசி, கண்ணாடியில் விழுந்த விளக்கு வெளிச்சம், படம் எடுத்தவரின் முழங்கை நிழல் எல்லாவற்றையும் நீக்கி, எந்தத் தெருவிலும் எந்த வண்டியும் இருக்க முடியாத அளவுக்குச் சுத்தமாக்கி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருடமாக இதே வேலை. மற்றவர்கள் "முடிஞ்சுது" என்று தள்ளிவிட்ட படத்தில்கூட ஒரு புள்ளியைத் தேடிப்பிடித்து விரல் வைப்பாள். அதனால் அறையில் அவளுக்குத் தூசியக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஃபோனை வாசலில் இருக்கும் அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உள்ளே பதினோரு பேர். புதுக் காருக்குக் கம்பெனி ஏதோ ஒரு எண் கொடுத்திருந்தது. அறைக்காரர்கள் அதை மருமகள் என்றார்கள். இப்போது ஷோரூமில் நிற்கும் மாடலுக்கு மாமியார் என்று பெயர்.

"மருமகளோட பின்பக்க விளக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். மாமியார் இனி வெளியே தலைகாட்ட முடியாது."

வெளியே மட்டும் இதில் ஒரு சொல்கூடக் கசியக் கூடாது. பதினோரு பேரும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எதிர்க் கட்டிடத்தில் இதே தொழில் செய்த ஓர் இடத்தில், ஒருவன் தன் மச்சானிடம் ஒரே ஒரு படத்தைக் காட்டப்போய், அங்கிருந்த ஒன்பது பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

ஆனால் சூப்பர்வைசர் ஒரு வழி வைத்திருந்தார். ஏசி குளிருக்குப் பயந்து வருடம் முழுக்க ஸ்வெட்டரோடு திரிகிற மனிதர். "வாயைத் திறந்தா நான் பொறுப்பில்ல. ஆனா பெருமூச்சு விடக் கூடாதுன்னு தாள்ல எங்கயும் எழுதல" என்று ஒருமுறை சொல்லிவைத்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. வேண்டியவர் யாராவது வந்து இதை வாங்கலாமா அதை வாங்கலாமா என்று கேட்டால், அறைக்காரர்கள் மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். புரிந்தவர் பொறுத்திருப்பார். புது ஃபோன்களின் படங்களும் அந்த அறைக்கு வரும். கீழ்வீட்டு டெய்லர் ஃபோன் வாங்கப் போனபோது அவளும் ஒன்று விட்டாள். அவர் இரண்டு மாதம் பொறுத்து, புதிதாக வந்ததை வாங்கினார். "அக்கா, உங்க மூச்சுக்கே காசு கொடுக்கலாம்" என்று அதிலிருந்து அவளிடம் தையல் கூலி வாங்குவதில்லை.

அவளுடைய தம்பி அவளைவிட மூன்று வயது சின்னவன். இருவரும் ஒரே ஸ்டூடியோவில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவள் கணினியில், படங்களிலிருந்து முகப்பரு எடுத்தாள், அவன் விளக்குப் பிடித்தான். ஒரே வருடத்தில் அவன் அதை உதறிவிட்டுக் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டக் கிளம்பினான். இப்போது அவனிடம் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். "ஊர்ல பாதிப் பேர் என் கண்ணுக்கு முன்னாடிதான் நடமாடுறாங்க" என்பான். நல்லவன்தான். அவளோடு இருக்கும் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "படத்துல பரு எடுக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். பதினெட்டு வருடமாக அவனுக்கு அது பருவாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு வந்தான். மேசைமேல் ஒரு விளம்பரப் புத்தகத்தை விரித்துவைத்தான். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இரண்டு கதவுக் கார். அட்டைப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமியார். நான்கு வருடத்துக்கு முன் அவளே துடைத்த படம்.

"எல்லாரும் கார்ல ஏறி உக்காருவாங்கம்மா. நான் இறங்கி உக்காரப் போறேன்" என்றான் தம்பி.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இவ்ளோ விலை வாங்குறவன் இன்னும் ரெண்டு கதவு வச்சுக் கொடுக்க மாட்டானா? நான் எங்கடா உக்காருறது?"

"நமக்கு ஸ்கூட்டர் இருக்கு அத்தை" என்றாள் தம்பி மனைவி.

"கடைசியா ஒண்ணுதான் இருந்துச்சாம். எனக்காக எடுத்து வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை கைக்கு வருது. இப்போதைக்கு இதுதான் லேட்டஸ்ட்டு" என்றான் தம்பி.

கடைசி ஒன்று ஏன் கடைசி ஒன்றாக இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்போது தம்பி மனைவி இவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணிதான் கார் கம்பெனிப் படமெல்லாம் பண்றாங்களே. புதுசா ஏதாவது வருதா அண்ணி?"

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். நெஞ்சு நிறைந்து நின்றது. தலை மேலே போகத் தொடங்கியது. அதற்குள் தம்பி சிரித்துவிட்டான்.

"அக்காகிட்டப் போய்க் கேக்குறியே! தூசி தட்டுறவங்ககிட்ட யாரு வீட்டு ரகசியத்தைச் சொல்லப்போறா?"

அம்மாவும் சிரித்தாள். தம்பி மனைவியும், கேட்டுவிட்ட பாவத்துக்கு, லேசாகச் சிரித்தாள். இழுத்த மூச்சு அவள் மூக்கு வழியாக, யாருக்கும் கேட்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது.

"எனக்கென்ன தெரியும்? படத்தைத் தருவாங்க, துடைச்சுக் கொடுப்பேன்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வண்டி நல்லா இருக்குடா. அந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்" என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை, தான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை எடுத்துப் படித்துப் பார்த்தாள். இரண்டு பக்கம். பெருமூச்சைப் பற்றி உண்மையாகவே எதுவும் இல்லை. செவ்வாயன்று தம்பிக்கு ஃபோன் செய்தாள். "ஒரு கஸ்டமர்கூட இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்றான். வைத்ததும் பாரம் இறங்கியது போலிருந்தது. இறங்கியதே என்றுதான் பிறகு பயம் வந்தது. அவன் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்வெட்டர் சூப்பர்வைசரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டாள். "நம்ம வீட்டு ஆளே மாமியாரை வாங்கப் போனா என்ன பண்றது?"

"யாரு?"

"என் தம்பி."

"கூடப்பிறந்த தம்பியா? அப்போ நல்லா சத்தமாவே விடும்மா. எப்போ பணம் கட்டுறார்?"

"நாளைக்கு."

"இன்னும் இங்க என்ன பண்றே?" என்று வாசல் அலமாரியைக் காட்டினார்.

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஃபோனை எடுத்தாள். பதினோரு பேர் பிழைப்பு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. அந்தப் பதினோரு பேருக்கும் தலைவரே போ என்று சொல்லிவிட்டார். பிறகு எது தடுக்கிறது? தூசி தட்டுகிறவளிடம் யார் ரகசியம் சொல்லப்போகிறார்கள் என்று அவனுடைய குரலே காதில் கேட்டது. வண்டி வரட்டும், அப்புறம் அவனுக்கே தெரியட்டும், யாரிடம் கேட்டு யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று. அந்த நினைப்பு ஒரு நொடிதான் இருந்திருக்கும். ஆனால் அந்த நொடியில் அவள் ஃபோனைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

சனிக்கிழமை தம்பி காரோடு வந்து அவளை ஒரு சுற்று அழைத்துப்போனான். "பாத்துச் சொல்லு, எங்கயாச்சும் தூசி இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தம்பி அவருக்குத் தலையசைத்துவிட்டு, பரீட்சையில் பாஸான பையனைப் போல அவளைத் திரும்பிப் பார்த்தான். மருமகள் வெளியே வர இன்னும் பத்தொன்பது நாள் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அவளால் பதில் பார்வை பார்க்க முடியவில்லை. சீட் பெல்ட் இறுக்குவதாகச் சொல்லிக் குனிந்துகொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் மருமகள் வெளியே வந்தாள். பெரிய சந்திப்பில் நான்கு மாடி உயரத்துக்கு விளம்பரம் வைத்தார்கள். பின்பக்க விளக்கில் ஒரு துளி தூசி இல்லை. மாமியாரைவிட வேகம் கூட, விலை கொஞ்சம் குறைவு. தம்பியின் கஸ்டமர், ஒரு துணிக்கடைக்காரர், வாசலில் நின்ற காரைப் பார்த்து, "என்ன சார், பழைய மாடலைக் கழிச்சுக் கட்டுறாங்கன்னு வாங்கினீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இதுதான் லேட்டஸ்ட் என்று அந்தக் கடையில் எல்லோரிடமும் அவன் சொல்லி முழுசாக ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. ஷோரூம்காரன் ஃபோனை எடுக்கவில்லை. காரை உறைபோட்டு மூடிவைத்துவிட்டு அவன் பழைய வேனில் வேலைக்குப் போவதாகத் தம்பி மனைவி அம்மாவிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மதியம் தனியாக வந்தான். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தான்.

"சந்திப்புல இருக்கே, அந்தப் படம். நீ பண்ணதா?"

"ஆமா."

"அப்போ முன்னாடியே தெரியும்."

"தெரியும். நீ இங்க வந்தப்பவே தெரியும்."

கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"கையெழுத்து வாங்கியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா? என்கிட்ட வேலை பாக்குற பையன் கஸ்டமர் வீட்டுக் கேமராவுல பாத்ததை வெளிய சொன்னா அன்னிக்கே அனுப்பிடுவேன். வீட்ல அவ என்னமோ புலம்பினா. அக்காவை ஒண்ணும் சொல்லாதே, அவங்க செஞ்சதுதான் முறைன்னுட்டேன்." பிறகு குரலைத் தணித்து, "உனக்கும் கஷ்டமாத்தானே இருந்திருக்கும்? அன்னிக்கு வண்டியில உம்முன்னு வந்தியே, இப்பதான் புரியுது" என்றான்.

தலையாட்டினால் போதும். முடிந்துபோகும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்கும் கிடைக்காத மன்னிப்பு, கேட்காமலேயே மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டால் ஆயுசுக்கும் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைத்திருக்க வேண்டும்.

"அப்படி இல்லடா" என்றாள். "வாயைத் திறக்கத்தான் கூடாது. ஒரு பெருமூச்சு விட்டிருந்தாப் போதும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. சூப்பர்வைசரே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லுன்னாரு. ஃபோனைக் கையில எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

அவன் விளங்காமல் பார்த்தான். "முன்னாடி யாருக்காவது அப்படி விட்டிருக்கியா?"

"கீழ்வீட்டு டெய்லருக்கு."

"டெய்லருக்கு."

"ஆமா."

"எனக்கு ஏன்க்கா இல்ல?"

"நீ சிரிச்சே. தூசி தட்டுறவகிட்ட யாரு ரகசியம் சொல்லப்போறான்னு கேட்டே. அம்மாவும் சிரிச்சாங்க."

தம்பி நெற்றியைச் சுருக்கினான். நடிப்பு இல்லை, உண்மையாகவே தேடினான். அந்த ஞாயிற்றுக்கிழமையில் காரின் நிறம் இருந்தது, அம்மா கதவு கேட்டது இருந்தது, வெள்ளிக்கிழமை இருந்தது. இது மட்டும் இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் எழுந்தான். எப்போதும் "அம்மா, அக்கா, வர்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறவன், அன்று சமையலறைப் பக்கம் மட்டும் பார்த்து, "அம்மா, வர்றேன்" என்றான்.

அம்மா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அதுக்குள்ள போயிட்டானா? சாப்பிடக்கூட இல்லையே. என்னடி சொன்னே அவன்கிட்ட?"

"உக்காரும்மா" என்றாள் அவள். அம்மா உட்காரும்வரை பொறுத்திருந்து, டெய்லரிலிருந்து ஆரம்பித்தாள்.